வெற்றிடம் இருக்கிறது என்பதற்காகப் பாடநெறி தொடங்கலாமா?

கேள்வி: வெள்ளவத்தையில் ஒரு தனியார் கல்வி நிறுவனத்தில் கல்விப் பொறுப்பாளராக இருக்கிறேன். சாதாரண தரமும் உயர்தரமும் முடித்த தமிழ்ப் பிள்ளைகள்தான் பெரும்பாலும் எங்களிடம் வருகிறார்கள். கணினி, கணக்கியல், மனிதவள முகாமைத்துவம், கிராபிக் டிசைன், முன்பள்ளி ஆசிரியர் பயிற்சி ஆகிய டிப்ளோமாக்கள் நடக்கின்றன. அடுத்த ஜனவரியில் இணையப் பாதுகாப்பு டிப்ளோமா தொடங்க வேண்டும் என்று பணிப்பாளர் சபை சொல்கிறது. இணையத்தில் அத்தனை வெற்றிடம் இருக்கிறது என்பது அவர்கள் வாதம். ஒரு பணிப்பாளர் மட்டும் ஜப்பானுக்கான பராமரிப்பாளர் பயிற்சி என்கிறார். மனிதவள வகுப்பை மூடிவிடலாம் என்ற பேச்சும் இருக்கிறது. தொழிற்சந்தைத் தரவைப் பார்த்து முடிவெடுப்போம் என்று நான் சொல்லிவிட்டேன். எந்தத் தரவை, எங்கே எடுத்து, எப்படிப் பார்ப்பது?

பதில்: உங்கள் சபை வெற்றிடங்களை எண்ணுகிறது. நீங்கள் எண்ண வேண்டியது வேறு. அனுபவம் எதுவும் இல்லாமல் உங்கள் வகுப்பிலிருந்து வெளியே வரும் இருபது வயதுப் பிள்ளைக்கு அந்த வெற்றிடங்களில் எத்தனை திறந்திருக்கின்றன? அதே இடத்துக்கு வேறு எத்தனை பேர் ஆண்டுதோறும் பயின்று வெளியேறுகிறார்கள்? வேலை கிடைத்தால் வரும் சம்பளம், கட்டிய கட்டணத்துக்கு நியாயம் செய்யுமா? இந்த மூன்றுக்கும் விடை கிடைத்தால் போதும்.

வெற்றிட எண்ணிக்கை எப்படி ஏமாற்றும் என்பதற்கு நம் நாட்டிலேயே நல்ல சான்று இருக்கிறது. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2017 இல் தனியார் துறைத் தொழில் வழங்குநர்களிடம் தொழிலாளர் கேள்வி அளவீடு ஒன்றை நடத்தியது. ஏறத்தாழ 5 இலட்சம் வெற்றிடங்கள் பதிவாகின. பட்டியலின் உச்சியில் நின்றவை தையல் இயந்திர இயக்குநரும் பாதுகாப்புக் காவலரும். அதைப் பார்த்து யாராவது காவலர் டிப்ளோமா தொடங்குவார்களா? அந்த வேலைகளில் பயிற்சி பெற்றவர் இல்லாமல் இடம் காலியாகவில்லை. சம்பளம், நேரம், வேலைச்சூழல் ஒத்துவராமல் ஆள் வந்து வந்து போவதால் காலியாகிறது. ஒரே கதிரைக்கு வருடத்தில் மூன்று முறை ஆள் தேடினால் அது மூன்று விளம்பரம். இடம் என்னவோ ஒன்றுதான். ஆகவே நீண்ட நாள் நிரம்பாத வெற்றிடத்தைக் கண்டால், பயிற்சி இல்லாமல் நிரம்பவில்லையா, சம்பளம் போதாமல் நிரம்பவில்லையா என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டாவதைப் பாடநெறியால் தீர்க்க முடியாது.

வேலையைத் தொடங்கும்போது பாடநெறியின் பெயரை மறந்துவிட்டுத் தொழிலின் பெயரை எழுதுங்கள். கணக்கியல் டிப்ளோமா முடித்தவர் என்ன வேலைக்குப் போகிறார்? கணக்காளராக அல்ல, அதற்குத் தொழில்சார் பரீட்சைகள் உண்டு. கணக்கு எழுதுநராகவோ கணக்கியல் உதவியாளராகவோ போகிறார். சர்வதேச தொழில் வகைப்பாட்டில் கணக்காளரின் குறியீடு 2411, கணக்கியல் துணைத் தொழில்வல்லுநர் 3313, கணக்கு எழுதுநர் 4311. இலங்கை நியமத் தொழில் வகைப்பாடு இதைத் தழுவியதுதான். கணினி டிப்ளோமாவுக்கு 2512 என்ற மென்பொருள் உருவாக்குநரை எழுத ஆசை வரும். நேர்மையாகப் பார்த்தால் பயனர் உதவித் தொழில்நுட்பவியலாளர் 3512, வலையமைப்புத் தொழில்நுட்பவியலாளர் 3513 ஆகியவைதான் பொருந்தும். ஒவ்வொரு பாடநெறிக்கும் இரண்டு, மிஞ்சினால் மூன்று குறியீடு. அமெரிக்காவில் கல்லூரிப் பாடநெறிக் குறியீட்டையும் தொழிற் குறியீட்டையும் இணைக்கும் அரச அட்டவணை இருக்கிறது. பத்தாண்டுத் தொழில் முன்னறிவிப்பையும் அவர்களுடைய தொழிற் புள்ளிவிபரப் பணியகம் வெளியிடுகிறது. இங்கே அந்த இணைப்பை நீங்களே ஒரு பிற்பகலில் கையால் போட்டுவிடலாம். ஐந்து பாடநெறிதானே.

குறியீடு எதற்கு என்று சபை கேட்கும். கொழும்பு விளம்பரங்களில் பதவிப் பெயரை நம்ப முடியாது என்பதுதான் காரணம். 'மார்க்கெட்டிங் எக்ஸிகியூட்டிவ்' என்பவர் பெரும்பாலும் மோட்டார் சைக்கிளில் கடை கடையாகப் போகும் விற்பனைப் பிரதிநிதி, 3322. 'ஐடி எக்ஸிகியூட்டிவ்' என்பவர் பிரின்டரும் வைஃபையும் பார்ப்பவர். தலைப்பை விட்டுவிட்டுக் கடமைப் பட்டியலைப் படித்துக் குறியீடு போட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

அடுத்தது விளம்பரச் சேகரிப்பு. இதை ஒரே நாளில் செய்யாதீர்கள். எட்டு வாரம், வாரத்தில் ஒரே நாளில், டொப்ஜொப்ஸ், லிங்க்ட்இன், இக்மன் ஆகிய இணையத்தளங்கள், ஞாயிறு ஆங்கிலப் பத்திரிகை ஒன்று, வீரகேசரி ஞாயிறு இதழ் ஆகியவற்றைப் பாருங்கள். டொப்ஜொப்ஸில் பல விளம்பரங்கள் படமாகவே போடப்படுவதால் மென்பொருளால் எழுத்தை அள்ளிவிட முடியாது. ஒருவர் உட்கார்ந்து படித்துத்தான் எக்செலில் ஏற்ற வேண்டும். பழகிய கைக்கு ஒரு விளம்பரம் மூன்று நிமிடம்.

நிரல்கள் இவை: பார்த்த திகதி, நிறுவனம், பதவி, தொழிற்குறியீடு, இடம், கேட்கும் அனுபவ ஆண்டு, குறைந்தபட்சத் தகைமை, பெயர் சொல்லிக் கேட்கும் மென்பொருள் அல்லது உபகரணம், கேட்கும் மொழி, சம்பளம் (பெரும்பாலும் வெறுமையாகத்தான் இருக்கும்), முடிவுத் திகதி, நேரடி விளம்பரமா ஆட்சேர்ப்பு முகவரா. 'தொடர்பாடல் திறன்', 'குழுவாக இயங்குதல்' போன்றவற்றை எண்ணிக் களைக்க வேண்டாம். எல்லா விளம்பரத்திலும் அவை இருக்கும், எதையும் சொல்லாது. குயிக்புக்ஸ், டாலி, சாப், எக்செல் பிவட், இல்லஸ்ட்ரேட்டர், ஃபிக்மா என்று பெயருள்ளவற்றை எண்ணுங்கள். பாடத்திட்டத்தை மாற்ற உதவுவது அதுதான்.

பிறகு கழிக்க வேண்டும். ஒரே நிறுவனம், ஒரே பதவி, ஒரே இடம் என்று 60 நாளுக்குள் மறுபடி வந்தால் ஒன்றாகவே கொள்ளுங்கள். எத்தனை தடவை வந்தது என்பதை வேறு நிரலில் குறித்து வையுங்கள், ஆள் நிற்காத இடத்தை அது காட்டிக்கொடுக்கும். நிறுவனத்தின் பெயரே இல்லாத முகவர் விளம்பரத்தைத் தனியாக ஒதுக்குங்கள். சில முகவர்கள் சுயவிபரக் கோவைகளைச் சேர்த்துவைக்கவே விளம்பரம் போடுவதுண்டு.

கணக்கு எப்படிச் சுருங்கும் என்பதைக் கற்பனை எண்களால் காட்டுகிறேன். எட்டு வாரத்தில் 240 விளம்பரம் சேர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். மறுபதிப்பும் முகவர் பிரதியும் 90 போனால் 150. இரண்டாண்டு அனுபவமோ அதற்கு மேலோ கேட்பவை 105 போனால் 45. பட்டம் கட்டாயம் என்பவை 20 போனால் 25. சிங்களத்தில் பேசவும் எழுதவும் வேண்டும் என்பவை 10 போனால் 15. ஆண்டுக்கு 52 வாரம் என்பதால் 6.5 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 97. சபை பார்த்தது 240; உங்கள் பிள்ளைக்குத் திறந்திருப்பது வருடத்துக்கே நூறுக்குள். அந்தப் பெருக்கலையும் கண்ணை மூடிக்கொண்டு செய்யாதீர்கள். டிசம்பரிலும் சித்திரைப் புத்தாண்டை ஒட்டியும் ஆட்சேர்ப்பு மந்தமாகும். இரண்டு வெவ்வேறு பருவத்தில் எட்டு எட்டு வாரம் எடுத்துச் சராசரி பார்த்தால் பாதுகாப்பு.

அந்தக் கழித்தலில் மொழி நிரலைக் கவனித்திருப்பீர்கள். உங்கள் மாணவருக்கு மிகவும் உறைக்கும் நிரல் அது. கொழும்பில் வாடிக்கையாளர் முன் நிற்கும் வேலைகளில் பெரும்பாலானவற்றுக்குச் சிங்களம் பேச வேண்டும். நடுத்தர அலுவலகங்களில் உள்ளே பேசும் மொழியும் பெரும்பாலும் அதுவே. உங்கள் எக்செல் அப்படிக் காட்டினால், புதிய டிப்ளோமா எதையும்விட, ஏற்கெனவே உள்ள எல்லா வகுப்புக்கும் 60 மணி நேர வேலைத்தளச் சிங்களத்தைச் சேர்ப்பது கூடுதல் வேலை வாங்கித் தரும் என்பது என் கணிப்பு. தொலைபேசி எடுப்பது, பற்றுச்சீட்டு விளக்குவது, முறைப்பாடு கேட்பது, மின்னஞ்சலில் இரண்டு வரி எழுதுவது, அவ்வளவுதான் பாடத்திட்டம். செலவும் அற்பம். சபைக்கு இது கவர்ச்சியாக இராது, ஏனெனில் பதாகையில் போட முடியாது.

விளம்பரம் காட்டாத சந்தையும் ஒன்று உண்டு. புறக்கோட்டை மொத்தக் கடைகளும், பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளும், சிறு அச்சகங்களும் விளம்பரம் போட்டு ஆள் எடுப்பது அபூர்வம். தெரிந்தவர் சொல்லி வருவார். விளம்பரத் தரவு பெரிய நிறுவனம், ஆங்கிலம், அலுவலக வேலை என்ற பக்கம் எப்போதும் சாய்ந்திருக்கும். கணக்கு எழுதுநருக்கான தேவையை அது குறைத்துக் காட்டும், மென்பொருள் வேலையைக் கூட்டிக் காட்டும்.

இனி அரச தரவு. திணைக்களத்தின் தொழிற்படை அளவீடு காலாண்டு அறிக்கையாகவும் ஆண்டறிக்கையாகவும் வருகிறது. 15 வயதுக்கு மேற்பட்டவர்களைப் பற்றியது. கடந்த வாரத்தில் ஒரு மணி நேரமாவது வேலை செய்திருந்தால் 'தொழில் உள்ளவர்' என்று கொள்ளும் சர்வதேச வரைவிலக்கணத்தையே பயன்படுத்துகிறது. ஆகவே தொழிலின்மை வீதம் குறைவாக இருப்பதைப் பார்த்து எல்லோருக்கும் வேலை கிடைக்கிறது என்று எண்ண வேண்டாம். உங்களுக்குப் பயன்படும் பகுதி கல்வித் தரமும் வயதும் பாலும் குறுக்கிட்ட அட்டவணைகள். உயர்தரமும் அதற்கு மேலும் படித்தவர்களிடையே, அதிலும் பெண்களிடையே, தொழிலின்மை கூடுதலாக இருப்பது அங்கே தொடர்ந்து தெரியும் கோலம். உங்கள் மாணவர் இருப்பது சரியாக அந்தக் கட்டத்தில்.

இந்த அளவீட்டை வைத்துச் செய்யக்கூடாத காரியம், கொழும்பு மாவட்டத்தில் வலையமைப்புத் தொழில்நுட்பவியலாளர் சென்ற காலாண்டை விட இவ்வளவு கூடினர் என்று சொல்வது. ஆண்டு முழுவதற்கும் நாடு முழுவதிலும் மாதிரி ஏறத்தாழ 25,000 வீடுகள். ஒரு தொழில் மொத்த வேலைவாய்ப்பில் ஆயிரத்துக்கு மூன்று பங்கு என்றால், கொழும்பு மாவட்ட மாதிரியில் அதைச் செய்பவர் பத்துப் பதினைந்து பேர்தான் அகப்படுவர். பத்துப் பேரை வைத்துச் சொல்லும் எண்ணிக்கை, எளிய கணக்கிலேயே 60 வீதம் மேலோ கீழோ பிசகலாம். வீடுகளைக் கொத்துக் கொத்தாகத் தெரிவுசெய்வதால் பிசகு இன்னும் கூடும். எனவே இரண்டு இலக்கத் தொழிற் பிரிவு, மேல் மாகாணம், மூன்றாண்டுச் சராசரி என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். போக்கு மட்டும் போதும். 2020 முதல் 2022 வரையான எண்களைக் கொவிட் தொற்றும் பொருளாதார நெருக்கடியும் குலைத்திருப்பதால் அவற்றை அடிப்படை ஆண்டாக வைக்காதீர்கள்.

மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் தொழிற்சந்தைத் தகவல் ஏட்டையும் எடுத்துப் பாருங்கள். தொழிற்படை, வெற்றிட விளம்பரங்கள், வெளிநாட்டு வேலைவாய்ப்பு, பயிற்சி நிரம்பல் எல்லாம் ஓரிடத்தில் கிடைக்கும். உங்களுக்கு அதிலும் முக்கியம் அவர்களுடைய பதிவுபெற்ற நிறுவனங்களின், பாடநெறிகளின் பட்டியல். கேள்வியை எண்ணிவிட்டு நிரம்பலை எண்ணாமல் விடுவதுதான் தனியார் நிறுவனங்கள் வழமையாகச் சறுக்கும் இடம். உங்கள் குறியீட்டுக்கு ஆள் தருபவர் யார் யார் என்று எழுதுங்கள்: மருதானைத் தொழில்நுட்பக் கல்லூரி, தொழிற்பயிற்சி அதிகாரசபை, நைட்டா எனப்படும் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை, கணக்கியலில் உயர் தேசிய டிப்ளோமா நடத்தும் உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவகம், காலி வீதியின் இரு மருங்கிலும் உள்ள உங்கள் அயலவர். அரச நிறுவனங்களில் பெரும்பாலான முழுநேர வகுப்புகள் இலவசம். அவர்கள் தருவதையே நீங்கள் கட்டணத்துக்குத் தருவதானால் மாலை வகுப்பு, தமிழ்மொழி மூலம், இடம் என்று ஒரு காரணமாவது வேண்டும். முந்தைய கற்பனைக் கணக்கில் ஆண்டுக்கு 97 இடம் வந்தது. அதே இடத்துக்குக் கொழும்பில் 600 பேர் பயின்று வெளியேறுகிறார்கள் என்றால் உங்கள் முப்பது பேரில் எத்தனை பேர் உள்ளே போவார்கள் என்பதைச் சபையே கணக்கிடட்டும்.

தரவு உங்களைக் கொண்டுவந்து விடுவது இவ்வளவு தூரம்தான். ஏழெட்டுத் தெரிவுகளை இரண்டு மூன்றாக்கும். மிச்சத்தைத் தீர்மானிப்பது தொழில் வழங்குநரோடு பேசும் பேச்சு. இருபது பேர் போதும்: ஐந்து பெரிய நிறுவனம், பத்து நடுத்தரம், ஐந்து மிகச் சிறியவை. மனிதவள முகாமையாளரிடம் மட்டும் பேசாதீர்கள். கணக்குப் பிரிவுத் தலைவரிடமும் ஐடி மேற்பார்வையாளரிடமும் பேசுங்கள். எடுத்த ஆளோடு வேலை செய்பவர்கள் அவர்கள்தான்.

'எப்படிப்பட்ட ஆள் வேண்டும்' என்று கேட்டால் 'மனப்பாங்கு' என்பார்கள். அது யாருக்கும் பயன்படாத விடை. கடைசியாக நடந்ததைக் கேளுங்கள். இந்தப் பதவிக்குக் கடைசியாக எப்போது ஆள் எடுத்தீர்கள்? அவர் எங்கிருந்து வந்தார், கையில் என்ன சான்றிதழ்? நேர்முகத்தில் என்ன செய்யச் சொன்னீர்கள்? முதல் மாதத்தில் அவருக்கு வராமல் போனது என்ன? தொடக்கத்தில் கைக்கு எவ்வளவு, இரண்டு வருடத்துக்குப் பின் எவ்வளவு? அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, கொடுப்பனவு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில் வழங்குநரின் 12 வீதம், ஊழியரின் 8 வீதம், நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் என்பதால் இந்தப் பிரிப்பு பிள்ளைக்குப் பெரிய வேறுபாடு. கடைசியாக ஒரு கேள்வி: வரும் ஆண்டில் எங்கள் மாணவர் இருவரைக் கொடுப்பனவோடு மூன்று மாதப் பயிற்சிக்கு எடுப்பீர்களா? தேவை இருக்கிறது என்று நாற்பது நிமிடம் பேசிவிட்டு இந்தக் கேள்விக்கு மழுப்புபவரை 'இல்லை' என்றே எழுதுங்கள். இருபதில் எட்டுப் பேர் பெயர் சொல்லி, எண்ணிக்கை சொல்லி ஒப்புக்கொண்டால் பாடநெறிக்கு நிலம் இருக்கிறது. நான்குக்குக் கீழே என்றால் நான் தொடங்கமாட்டேன்.

கட்டணத்துக்கு நான் வைக்கும் அளவு, தொடக்கச் சம்பளத்தில் ஆறு மாதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது. 45,000 ரூபா சம்பள வேலைக்கு 4 இலட்சம் ரூபா டிப்ளோமா விற்றால் முதல் தொகுதி சேரும். அவர்கள் போய்ச் சொல்வதைக் கேட்ட பிறகு மூன்றாவது தொகுதி சேராது.

எல்லாத் தரவிலும் மலிவானதும் பெறுமதியானதும் உங்கள் அலுமாரியில்தான் இருக்கிறது: பழைய மாணவர் பட்டியல். படித்து முடித்து 6 மாதத்திலும் 12 மாதத்திலும் ஒவ்வொருவரையும் தொடர்புகொள்ளுங்கள். வேலையா, என்ன பதவி, படித்த துறையா, எப்படிக் கிடைத்தது, என்ன சம்பள வீச்சு, வகுப்பில் படித்ததில் எது உதவியது என்று ஆறு கேள்வி. வாட்ஸ்அப்பில் கூகுள் படிவம் அனுப்பிவிட்டு இருந்தால் வேலை கிடைத்தவர் மட்டும் பதில் போடுவார். நூறு பேரில் 40 பேர் பதில் தந்து, அவர்களில் 32 பேருக்குத் துறை சார்ந்த வேலை என்றால், '80 வீதம் வேலைவாய்ப்பு' என்று சுவரொட்டி அடிக்கத் தோன்றும். பதில் தராத 60 பேரைப் பற்றி ஒன்றும் தெரியாத நிலையில் உண்மை 32 வீதத்துக்கும் 92 வீதத்துக்கும் இடையில் எங்கும் இருக்கலாம். தொலைபேசியில் அழைத்து, எடுக்காவிட்டால் வீட்டு எண்ணுக்கு அழைத்து, 70 வீதப் பதிலாவது வரும்வரை எண்ணை வெளியிடாதீர்கள். சேர்க்கைப் படிவத்திலேயே பிற்காலத் தொடர்புக்குச் சம்மதம் வாங்கிவிடுங்கள். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மனதில் வைத்து, சேகரித்ததை வேறு எதற்கும் பயன்படுத்தவும் வேண்டாம்.

காலத் தாமதத்தையும் கணக்கில் எடுங்கள். பாடத்திட்டம், அனுமதி, ஆசிரியர், விளம்பரம் என்று ஓராண்டு; படிப்பு ஓராண்டு. இன்று பார்க்கும் வெற்றிடத்துக்கு உங்கள் பிள்ளை போய் நிற்பது இரண்டு ஆண்டுக்குப் பிறகு. அதே வெற்றிடத்தை அதே மாதத்தில் மற்ற நிறுவனங்களும் பார்த்திருக்கும். எல்லோருடைய முதல் தொகுதியும் ஒன்றாக வெளியேறும். பொறியியலாளர் சந்தையில் இந்தச் சுழற்சியைப் பொருளியலாளர் ரிச்சர்ட் ஃப்ரீமன் 1970களில் அமெரிக்காவில் காட்டினார். ஆகவே ஒரு வருடத்தில் திடீரென உயர்ந்த தொழிலை விட, மூன்று வருடம் மெதுவாக ஏறும் தொழில் உங்களுக்கு நல்லது. அதிலும் உறுதியானது சட்டமோ வரியோ உண்டாக்கும் தேவை. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 15 இலிருந்து 18 வீதமானது. பதிவுக்கான ஆண்டுப் புரள்வு எல்லை 8 கோடி ரூபாவிலிருந்து 6 கோடியானது. கணக்குக் கொப்பியோடு காலம் தள்ளிய பல சிறு வியாபாரங்கள் ஒழுங்கான விலைப்பட்டியலும் வரி விபரத்திரட்டும் வைக்க வேண்டியதாயிற்று. வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நின்று 2025 இல் மீண்டதும் அப்படித்தான், திருத்துநரின் வேலையையே அது மாற்றும். இவை விளம்பரத்தில் தெரிவதற்கு முன்பே வர்த்தமானியில் தெரிந்துவிடும்.

இனி உங்கள் மூன்று விடயங்கள்.

இணையப் பாதுகாப்பில் தேவை உண்மைதான். ஆனால் அது யாருக்கான தேவை என்பதை உங்கள் அனுபவ நிரல் சொல்லும். வங்கி, தொலைத்தொடர்பு, ஆலோசனை நிறுவனங்கள் கேட்பது வலையமைப்பிலோ சேர்வரிலோ இரண்டு மூன்று வருடம் புரண்டவரை. உயர்தரம் முடித்த பிள்ளை நேரே அந்தக் கதிரைக்குப் போவது அரிது; பயனர் உதவி, வலையமைப்பு வேலைகள் (3512, 3513) வழியாகத்தான் ஏறிப்போக வேண்டும். எனவே தனி டிப்ளோமாவைத் தள்ளிவைத்து, இருக்கும் கணினி டிப்ளோமாவின் இரண்டாம் பாதியில் 60 மணி நேர அலகு ஒன்றைச் சேருங்கள். லினக்ஸ் கட்டளைகள், டிசிபி ஐபி, வயர்ஷார்க் மென்பொருளில் வலையமைப்புத் தரவுப் பொதிகளைப் படித்தல், ஃபயர்வோல் விதி எழுதுதல், பேக்கப் எடுத்து மீட்டுக் காட்டுதல். கடைசியாகச் சொன்னதைச் செய்முறையில் செய்து காட்டத் தெரிந்த புதியவருக்கு நடுத்தர நிறுவனங்களில் மதிப்பு அதிகம்.

ஜப்பான் பராமரிப்பாளர் விடயத்தில் சந்தை நிஜம். ஜப்பானின் 'குறித்த திறனுள்ள தொழிலாளர்' விசாத் திட்டத்துக்கான ஒத்துழைப்பு உடன்படிக்கை இரு நாட்டுக்கும் இடையே 2019 இல் ஏற்பட்டது. கையில் வேண்டியவை மூன்று: ஜப்பானிய மொழித் தேர்ச்சிப் பரீட்சையின் என்4 மட்டம் அல்லது ஜேஎஃப்டி அடிப்படைத் தேர்வு, பராமரிப்புத் திறன் தேர்வு, பராமரிப்புக்கான மொழித் தேர்வு. என்4 வரை கொண்டுபோக ஏறத்தாழ 300 மணி நேர வகுப்பு தேவை. ஆகவே அது பராமரிப்புப் பாடநெறி என்ற பெயரில் நடக்கும் மொழிப் பாடநெறி. ஜப்பானிய ஆசிரியர் இல்லாமல் கட்டில், சக்கர நாற்காலி வாங்கி வைப்பதில் பயனில்லை. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் எண்களைப் பார்க்கும்போது, 2022 இல் 3 இலட்சத்துக்கு மேற்பட்டோர் போனார்கள் என்பதை ஜப்பானின் தேவையாக வாசிக்க வேண்டாம். அது எல்லா நாட்டுக்குமான புறப்பாடு, திரும்பி வந்து மறுபடி போனவரும் அதில் அடக்கம். நாட்டையும் தொழிலையும் குறுக்கிட்ட அட்டவணையைப் பாருங்கள். இன்னொன்று: வேலை வாங்கித் தருகிறோம் என்று மாணவரிடம் ஒரு ரூபாவும் வாங்காதீர்கள். 1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின்படி பணியக அனுமதிப்பத்திரம் உள்ள முகவர் மட்டுமே ஆட்சேர்ப்பில் ஈடுபடலாம். நீங்கள் கற்பியுங்கள், அனுப்பும் வேலை அவர்களுடையது.

மனிதவள வகுப்பை மூடச் சொல்வது பாதி சரி. நூறு பேர் வேலை செய்யும் நிறுவனத்தில் மனிதவளப் பிரிவில் இருப்பவர் ஒருவர் அல்லது இருவர். அந்த இடத்துக்குப் பட்டதாரியும், ஆள்வள முகாமைத்துவ பட்டய நிறுவகத்தில் படிப்பவரும் நிற்கிறார்கள். உங்கள் தனி டிப்ளோமாவுக்கு அங்கே இடம் சிறிது. ஆனால் அதற்குள் இருக்கும் ஒரு துண்டு நன்றாக விலைபோகும்: சம்பளப் பட்டியல் தயாரிப்பு. மேலதிக நேரம் கணக்கிடுதல், சேமலாப நிதிக் கட்டணம், கடை அலுவலக ஊழியர் சட்டத்தின் விடுமுறை விதிகள், சம்பளத்தில் வரிக் கழிவு. இதை எடுத்துக் கணக்கியல் டிப்ளோமாவோடு சேர்த்தால், கணக்கையும் சம்பளத்தையும் ஒருவரே பார்க்க வேண்டிய சிறிய நிறுவனத்துக்குச் சரியான ஆள் கிடைப்பார். பெறுமதி சேர் வரி பற்றிச் சொன்னதையும் இதோடு சேர்த்துப் பார்த்தால், என் வாக்கு புதிய டிப்ளோமாவுக்கல்ல, இந்த மறுசீரமைப்புக்கு.

மாற்றி அமைக்கும்போது தேசிய தொழிற்தகைமை மட்டத்தோடு பொருத்தப் பாருங்கள். 1 முதல் 4 வரை சான்றிதழ், 5 உம் 6 உம் டிப்ளோமா, 7 பட்டம். தேசிய தேர்ச்சி நியமம் ஏற்கெனவே இருக்கும் தொழிலானால் பாடத்திட்டத்தின் எலும்புக்கூடு உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கிறது. இல்லாத தொழிலில் நீங்களே எழுதும் டிப்ளோமாவுக்கு ஆணைக்குழுவின் அங்கீகாரம் கிடைப்பது நீண்ட வேலை. ஜனவரி என்ற திகதியைச் சபை மறுபரிசீலனை செய்யட்டும்.

மனிதவளத்தில் இப்போது படித்துக்கொண்டிருக்கும் தொகுதியை முடித்து அனுப்பிவிட்டே புதிய சேர்க்கையை நிறுத்துங்கள். இடைநடுவில் உள்ளவர்களுக்குச் சம்பளப் பட்டியல் அலகைக் கட்டணமின்றிச் சேர்த்துக் கொடுத்தால், அடுத்த கணக்கியல் தொகுதிக்கு முன் அந்த அலகைப் பரீட்சித்துப் பார்த்ததாகவும் ஆகும். எட்டு வாரச் சேகரிப்பை இந்த மாதமே தொடங்கலாம். கணினி வகுப்பின் இரண்டு மூத்த மாணவருக்குச் சிறு கொடுப்பனவோடு அதைக் கொடுங்கள். தங்களிடம் என்ன கேட்கப்படப் போகிறது என்பதை அவர்களும் படித்துக்கொள்வார்கள்.